சல்லடை அக்கா வாயைக் கட்டிக்கொண்ட நாள்

உலகத்தில் உள்ள சகலத்தையும் மூன்றே ரகமாகப் பிரித்து முடித்துவிட்ட ஒரே மனுஷி எங்கள் தெருச் சல்லடை அக்காதான். பெருங்காய், நடுக்காய், பொக்கு. அவ்வளவுதான். மனுஷன், மாடு, மழை, மாப்பிள்ளை, மந்திரி, மசால்வடை என்று எதுவாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் விழுந்தாக வேண்டும். நான்காவதாக ஒரு ரகத்தை ஆண்டவன் படைத்திருந்தால், அது போடிநாயக்கனூருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அக்காவுக்கு நிஜப்பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் சல்லடை அக்கா. வயசுக்கு வந்த நாளிலிருந்து ஏலக்காயைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலை. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிற காயைச் சல்லடையில் கொட்டி ஆட்டி, பெரியதைத் தனியாக, நடுத்தரத்தைத் தனியாக, உள்ளே விதையில்லாத பொக்கைத் தனியாகப் பிரிக்க வேண்டும். மூட்டுவலி வந்து சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனதும் கிட்டங்கிக்குப் போவதை நிறுத்தினாள். பிரிப்பதை நிறுத்தவில்லை. வரும்போது கையோடு ஒரு பழைய சல்லடையையும் கொண்டுவந்துவிட்டாள். பேசும்போது அது அவள் மடியில் இருக்கும். கோபம் வந்தால் கைக்கு ஏறும்.

நான் அதே தெருவில் மாவு மில் வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு சரி. காளியம்மன் படத்துக்கு முன்னால் சூடம் காட்டாமல் சுவிட்சைப் போட மாட்டேன். என் மில்லையும் அக்கா பிரித்தாகிவிட்டது.

"உன் மாவு நடுக்காய்தான்டா தம்பி. நீ விழுந்து விழுந்து கும்புடுறதப் பாத்து ஆத்தா பாவப்பட்டு அத அந்த மட்டுக்காவது வச்சிருக்கா."

ஆத்தாவைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்த கூட்டத்தில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள்: "ஆத்தா பெருங்காய். சாத்தியிருக்க சேல நடுக்காய். பூசாரி பொக்கு."

பூசாரி அன்றைக்கு அவளுக்கு மட்டும் குங்குமம் கொடுக்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தீகளா? நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?" என்றாள் அக்கா.

அவள் கணிப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி தப்பு. சைக்கிளில் கொசுவலை விற்க வந்த ஒருவனை ஏற இறங்கப் பார்த்து, "பெருங்காய்டா இவன், கண்ணுலயே தெரியுது" என்று தெரு முழுக்க வாங்க வைத்தாள். வீட்டில் கட்டிப் பார்த்தால் பெரிய கொசு வெளியே நின்றது. நடுக்கொசுவும் பொடிக்கொசுவும் உள்ளே வந்து படுத்துக்கொண்டன. கொசுவை ரகம் பிரிக்கிற வலையை அக்கா ஒருத்தியால்தான் கண்டுபிடிக்க முடியும்.

இப்படிப்பட்டவளுடைய வாசலுக்கு நேர் எதிரே கொண்டுவந்து ஒரு தனியார் காலேஜைக் கட்டினால் என்ன ஆகும்?

முந்தல் போகிற பாதையோரம், தென்னந்தோப்பாக இருந்த இடத்தில் நீலக் கண்ணாடி பதித்த மாடிக் கட்டிடம் எழும்பியது. பெயர் வேண்டாம். நாங்கள் காலேஜு என்போம். அக்கா "எதிர்த்த வீடு" என்பாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு கல்வி நிறுவனமே அல்ல. குடித்தனம் நடத்தத் தெரியாத எதிர்த்த வீடு.

குறை இல்லாமலும் இல்லை. சாயங்கால வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு நேரே அக்கா அடுப்படிக்குள் வரும். அடுப்பைப் பற்றவைக்காமலே அப்பளம் சிவக்கும் என்று சத்தியம் செய்வாள். பிள்ளைகளின் பைக்குகள் எங்கள் வாசல்களில்தான் நிற்கும். என் மில்லுக்குள் நுழைய நானே பக்கவாட்டில் நடந்து பழகிக்கொண்டேன். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் விடியக்காலையில் கிளம்பும் நேரத்தில் காலேஜு பஸ்சு தெருவை அடைத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு திரும்பலுக்கும் அக்கா வீட்டு ஓடு ஒன்று கீழே விழும். விடுதிச் சமையல் தண்ணீர் வாய்க்காலில் தேங்கி, ஒரு குளம் மாதிரி ஆகி, அதில் ஒரு கொக்கு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

தரத்தைக் கேட்கவே வேண்டாம். வேதியியலுக்கு ஒரே ஒரு சார். அவரேதான் விடுதி வார்டன், நூலகர், விளையாட்டு மாஸ்டர். பஸ்சு டிரைவர் லீவு போட்டால் அதுவும் அவர்தான். ஆய்வகத்தில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் குடுவை. பிள்ளைகள் வரிசையில் போய்க் கருவறைத் தரிசனம் போல அதைப் பார்த்துவிட்டு வருவார்கள். இது மட்டும் அக்கா சொன்னது இல்லை. என் மகள் முத்துச்செல்வி சொன்னது. அவள் அங்கேதான் வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் காலேஜுப் படியேறிய முதல் பெண். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதால்தான் அவளை அனுப்பவே என் வீட்டுக்காரி சம்மதித்தாள்.

மில் சத்தத்தில் படிக்க முடியாமல் செல்வி அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து படிப்பாள். அக்கா காலேஜைத் திட்டிக்கொண்டே அவளுக்கு சுக்குக்காப்பி போட்டுக் கொடுப்பாள். "அந்த மூட்டையிலயே தப்பி விழுந்த ஒத்தப் பெருங்காய் இவதான்" என்பது தீர்ப்பு.

மற்ற பிள்ளைகளுக்கு வாசலிலேயே பரீட்சை.

"ஏ அப்பு, இங்க வா. இன்னிக்கு என்ன படிச்ச?"

"இன்னிக்கு சார் வரல பாட்டி."

"பாட்டியா? சல்லடையால ஒண்ணு போட்டேன்னா! அக்கான்னு சொல்லு."

"சார் வரல அக்கா."

"நேத்து?"

"நேத்து சார் வந்தாரு. நாங்க வரல."

அக்கா வானத்தைப் பார்த்து, "கேட்டியா ஆத்தா!" என்பாள்.

ஆத்தாவுக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. தினமும் சாயங்கால பூசையில், பூசாரி சூடம் ஏற்றியதும், அன்றைய புகாரை அக்கா அம்மனிடம் வரிசையாக ஒப்பிப்பாள். ஓடு, வாய்க்கால், பஸ்சு, பைக்கு, வராத வாத்தியார். அவள் முடிக்கும் வரை தட்டை இறக்கக் கூடாது. பூசாரிக்கு அந்தத் தோள்பட்டை வலி இன்றைக்கும் இருக்கிறது.

ஒரு முறை முதல்வர் அறைக்கே போய்விட்டாள். விடுதிப் பிள்ளை ஒருத்தனிடம் ஒரு வாளி சாம்பாரை வாங்கிக்கொண்டு போனாள். துணைக்கு நான்.

"அம்மா, உங்க பிள்ளைங்க யாராவது இங்க படிக்கிறாங்களா?" என்று முதல்வர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இல்லய்யா. அந்த ஒரு நிம்மதியிலதான் தைரியமாப் பேச வந்தேன்."

"எங்க கல்லூரியோட தரத்தப் பத்தி…"

"தரமா? செத்த இருங்க" என்று சல்லடையை மேசை மேல் வைத்தாள். நான் தடுப்பதற்குள் வாளியைக் கவிழ்த்தாள். சாம்பார் மேசை வழியாக, பேனா ஸ்டாண்டு வழியாக, முதல்வரின் வேட்டி வழியாகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. சல்லடையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "ஒரு பருப்பு நின்னுச்சா? சொல்லுங்க, ஒரே ஒரு பருப்பு? ஒரு முருங்கக்காத் துண்டு நிக்குது. அதுவும் பொக்கு."

அந்த முதல்வர் அடுத்த மாதமே ஊரைவிட்டுப் போனார். வருஷத்துக்கு ஒரு முதல்வர் மாறுவதும் அந்தக் காலேஜின் வழக்கம்தான் என்றாலும், அக்கா அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அப்படியும் எதிர்த்த வீடு திருந்தவில்லை. ஓர் ஆடி மாதம் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். காலேஜு கேட்டுக்கு முன்னால் நின்று, கூந்தலை அவிழ்த்துவிட்டு, "நீங்க நல்லாருப்பீகளா!" என்று இரண்டு கை மண்ணை வாரித் தூற்றினாள். ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கி எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். தூற்றிய மண்ணில் பாதி அவள் கண்ணுக்குள்ளும் மீதி என் வீட்டுக்காரி காயப்போட்டிருந்த வடகத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் முழுக்க நாங்கள் நறநறவென்று சாபத்தைக் கடித்துத் தின்றோம்.

இந்த நிலைமையில்தான் ஒரு செய்தி வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து காலேஜை ஆய்வு செய்ய வருகிறார்கள்.

அக்காவுக்குத் தீபாவளி. "வரட்டும்டா! அம்புட்டுப் பொக்கையும் கொட்டிக் காட்டுறேன். வாசல்லயே மறிக்கிறேன்!" தெருவில் போகிற நாய்க்கெல்லாம் ஒத்திகை பார்த்தாள்.

எனக்கு வேறு கவலை. ஆய்வில் தேறாவிட்டால் வேதியியல் பிரிவையே நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மதுரைப் பக்கம் வேறு காலேஜுக்கு மாற்றிவிடுவார்கள் என்று செல்வி சொன்னாள். மதுரைக்கு அனுப்ப என் வீட்டுக்காரி கனவிலும் ஒப்ப மாட்டாள். என் மச்சினன் ஏற்கெனவே ராசிங்காபுரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, "படிச்சது போதும் மச்சான், வெரசாக் கையப் புடிச்சுக் குடுத்துருவோம்" என்று வாரம் தவறாமல் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். செல்விக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. சின்ன வயதில் என் மில்லில் மாவு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள். பட்டம் வாங்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சைதான்.

காலேஜும் சும்மா இருக்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தேனியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு வந்தன. எங்கிருந்தோ குடுவைகள் இரவல் வந்தன. கொக்கு வாழ்ந்த வாய்க்கால் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதன் மேல் மண்ணைத் தூவி, மண்ணின் மேல் கோலமும் போட்டுவிட்டார்கள். வாத்தியார் பற்றாக்குறைக்கு ஆள் பிடித்துக் கோட்டு மாட்டினார்கள். போடி–பூப்பாறை ஜீப்பு ஓட்டுகிற மாயாண்டி, கழுத்தில் டை கட்டி இயற்பியல் பேராசிரியராக நின்றான். மலைக்கு ஆள் ஏற்றுகிற பழக்கத்தில், வகுப்பறை பெஞ்சுக்கு நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எட்டுப் பேரை நெருக்கி உட்காரவைத்தானாம்.

ஆய்வுக்கு முதல் நாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வாய மூடிக்கிருங்க. செல்வி படிப்புக்கா."

அக்கா சல்லடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "மூட வேணாம்னு நான் எங்கடா சொன்னேன்? என் வாயி என் பேச்சக் கேக்காதே. நான் உள்ள இருந்து வேணாம் வேணாம்ங்கிறேன், அது பாட்டுக்குப் பேசிருதே!"

"வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு இருந்தா?"

"சன்னல் இருக்கேடா."

இரண்டு பேரும் யோசித்தோம். திடீரென்று எழுந்து கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "ஆத்தாவுக்கு வாய்க்கட்டு நேந்துக்கிறேன்டா. வேற வழியில்ல."

எங்கள் காளியம்மனுக்குப் பொங்கல் பானை சுமக்கிறவர்கள், பேச்சும் எச்சிலும் படையலில் படக் கூடாது என்று மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வது வழக்கம். காரியம் கைகூட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து சாயங்கால பூசை வரை அப்படியே இருப்பவர்களும் உண்டு. அதற்கு இரண்டு கட்டுப்பாடு. கோயில் கண்ணில் படுகிற இடத்தில்தான் உட்கார வேண்டும். எதற்காக நேர்ந்தது என்பதை நேர்ந்தவரும் சொல்லக் கூடாது, தெரிந்தவரும் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது.

"ஒனக்கும் எனக்கும் ஆத்தாவுக்கும் மட்டுந்தான் தெரியணும். வெளிய சொன்ன, உன் மில்லு பட்டை அந்துபோகும்" என்று எச்சரித்து அனுப்பினாள். இது போதும் ஆத்தா என்று நான் மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடிந்தது. அக்கா குளித்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, மடியில் சல்லடையோடு உட்கார்ந்தாள். அவள் வீட்டில் கோயில் தெரிகிற ஒரே இடம் வாசற்படி. வாசற்படிக்கு நேர் எதிரே காலேஜு கேட்டு. இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வேறு யாராவது வாயைக் கட்டியிருந்தால் நேர்த்திக்கடன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். கட்டியிருந்தது அக்கா. அவள் சும்மா வாயை மூடுவாள் என்பதை நம்ப எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை.

முதலில் பார்த்தது கிட்டங்கிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள். "ஏ, அக்கா வாயக் கட்டிக்கிருச்சுடீ! போராட்டம்! பேசிப் பேசிப் பாத்துட்டு மௌனத்துல எறங்கிருச்சு!" என்று தூக்குவாளியை இறக்கி வைத்து, முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். டீக்கடை மாஸ்டர் தோள் துண்டைக் கட்டினார். பிள்ளைகள் கைக்குட்டையைக் கட்டினார்கள். என் வீட்டுக்காரி வந்தாள். கட்ட ஒன்றும் கிடைக்காமல் காய்கறிப் பையைச் சுற்றிக்கொண்டாள். அதன் காதிலிருந்து ஒரு கொத்து மல்லித்தழை எட்டிப் பார்த்தது. கடைசியில் பூசாரியே வந்தார். "இந்த வாயி மூடி நான் இன்னிக்குத்தான்யா பாக்குறேன். இதுக்காகவே நானும் உக்காருறேன்" என்றார்.

அக்கா பதறிப்போய் இரண்டு கையையும் வீசி, போங்க போங்க என்று விரட்டினாள். கூட்டம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. எழுந்து, கோலம் போட்ட இடத்தைச் சுற்றிப் போய்க் காலேஜு கேட்டை அடைத்து உட்கார்ந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் தலையில் அடித்துக்கொண்டது. அக்கா அம்மனை நோக்கிக் கும்பிட்டாள். எல்லோரும் கும்பிட்டார்கள். எங்கள் ஊரில் இவ்வளவு கட்டுப்பாடான போராட்டம் அதற்கு முன்னாலும் நடந்ததில்லை, பின்னாலும் நடந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. ஆய்வுக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் நரைத்த தலையோடு ஓர் அம்மா. இறங்கியவர் வாய் கட்டிய கூட்டத்தைப் பார்த்தார். "இது என்ன?"

புது முதல்வர் ஓடிவந்தார். "உள்ளூர்த் திருவிழாங்க மேடம். வருஷா வருஷம் நடக்கும்."

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். தெருக்காரர்களில் கட்டாத வாய் என்னுடையது ஒன்றுதான் இருந்தது. "ஐயா, நீங்க சொல்லுங்க. எதுக்காக இப்படி உட்கார்ந்திருக்காங்க?"

"நான் சொல்லக் கூடாதும்மா."

"ஏன்? யார் சொல்லக் கூடாதுன்னு சொன்னது?"

அவர் குரலே மாறிவிட்டது. கோயில் கோபுரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கோபுரத்தை மறைத்துக்கொண்டு காலேஜு மாடி இருந்தது. மாடியில் தாளாளர், கையில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். தாளாளர் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சரி. அவங்ககிட்டயே கேட்கிறேன்" என்று அக்காவை நோக்கி நடந்தார் அந்த அம்மா. வழியில் கோலம். கோலத்துக்குக் கீழே கீற்று. கீற்றுக்குக் கீழே வாய்க்கால்.

அக்காவின் கண் பிதுங்கியது. "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று கத்தினாள். கூட்டமும் "ம்ம்ம்ம்!" என்றது. மூட்டுவலியை மறந்து எழுந்து ஓடி, சல்லடையை அந்த அம்மாவின் முன்னால் குறுக்கே நீட்டித் தடுத்தாள். அம்மா நின்றுவிட்டார். அக்காவைத் தடுக்க ஓடிவந்த முதல்வர்தான் நிற்கவில்லை. கோலத்தில் கால் வைத்தார். இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். கொக்கு பறந்தது.

"எவனும் தொடாதீக! நான் வர்றேன்!" என்று கோட்டும் டையுமாகப் பாய்ந்து வந்தான் மாயாண்டி. கையில் ஜீப்புக் கயிறு. "சாரு, கக்கத்துக்கு அடியில விட்டுக்கிருங்க. ரெண்டு பேரு பின்னாடி புடி! மல மெட்டுல வண்டி பள்ளத்துல எறங்கிருச்சுன்னா இப்பிடித்தான் மேடம் இழுப்போம். ஏலேய், ஒரே தம்முல!"

முதல்வர் வெளியே வந்தார். அந்த அம்மா மாயாண்டியைப் பார்த்தார். "நீங்க எந்தத் துறை?"

"போடி பூப்பாறை டிரிப்பு மேடம்."

என் உயிர் என்னிடம் இல்லை. செல்வி வரவேற்புச் சந்தனக் கிண்ணத்தோடு கேட்டருகில் நின்றாள். ராசிங்காபுரத்து மாப்பிள்ளை என் கண் முன்னால் வந்து காப்பி கேட்டான்.

அந்த அம்மா செல்வியைக் கூப்பிட்டார். "நீ இங்கதான படிக்கிற? பயப்படாம சொல்லும்மா."

செல்வி அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். கட்டிய துணிக்கு மேலே அக்காவின் கண் இரண்டும் நிறைந்து நின்றது.

"மேடம், எங்களுக்கு சார் வேணும். ஒரு ஆளே அஞ்சு சோலி பாத்தா அவரும் என்ன பண்ணுவாரு? குடுவை வேணும். இந்த வாய்க்கால மூடணும், தெருவுல குடியிருக்க முடியல. ஆனா எங்க பிரிவ நிறுத்திராதீங்க மேடம். மதுரைக்கெல்லாம் எங்க வீட்ல அனுப்ப மாட்டாக. இங்க நெறைய பேரு வீடு அப்பிடித்தான். இந்தக் காலேஜு கிட்டக்க இருக்கதாலதான் நாங்க படிக்கிறோம்."

அந்த அம்மா கிண்ணத்துச் சந்தனத்தை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆய்வு முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. பிரிவை நிறுத்தவில்லை. அடுத்த பருவத்துக்குள் நிஜமான வாத்தியார்களைப் போட வேண்டும், ஆய்வகத்துக்குச் சாமான் வாங்க வேண்டும், வாய்க்காலைச் சரிசெய்ய வேண்டும், பஸ்சு பின்பக்க வழியாகப் போக வேண்டும், சொல்லாமல் மறுபடியும் வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

சேதி கேட்டு நான் கோயிலுக்கு ஓடினேன். சாயங்கால பூசை முடிந்து அக்கா துணியை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"ஆத்தா, நான் ஒரு வார்த்த பேசலையே! வாயக் கட்டியும் இம்புட்டு ரகளையாப் போச்சே! புள்ள படிப்புக்கு ஒண்ணும் ஆகலைல?"

"ஒண்ணும் ஆகலக்கா" என்றேன்.

"பேசாம இருந்ததுக்கே இப்பிடின்னா, பேசியிருந்தா காலேஜு மெட்டேறி அந்தப் பக்கம் எறங்கியிருக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூசாரியை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பாக்குறீரு? சூடத்த ஏத்தும். காலையில இருந்து சேத்து வச்சிருக்கேன்." அன்றைக்குப் பூசாரி மூன்று முறை தட்டைக் கை மாற்றினார்.

புதிதாக வந்த இரண்டு வாத்தியார்களையும் அக்கா வாசலில் நிறுத்திப் பார்த்தாள். "ஒண்ணு நடுக்காய். இன்னொண்ணு போகப் போகத் தெரியும்." செல்வி பாஸ் செய்தாள். மேற்கொண்டு படித்தாள். இப்போது சிலமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் மச்சினன் இப்போதெல்லாம் வீட்டிலேயே காப்பி குடித்துக்கொள்கிறான்.

அக்காவை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வேலை பார்க்கிற அவள் மகன் பூப்பாறைக்குப் பக்கத்தில் எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். மூட்டுவலிக்கு மலைக் குளிர் ஆகாது என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அங்கே போனும் கையுமாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் என்னிடம் பேசுவாள்.

"இங்க மூடுபனி ரெண்டாம் ரகம்டா தம்பி. சேச்சி சேச்சின்னு கூப்பிடுறாக, சாயாவுல சீனியே இல்ல. அந்த எதிர்த்த வீடு எப்பிடி இருக்கு? பஸ்சு பின்னாடியா போகுது? பொய் சொல்லாத."

போன மழைக்கு மலையில் டவர் விழுந்துவிட்டது. ஒரு வாரம் போன் இல்லை. மில்லில் மிஷின் ஓடுகிற சத்தத்திலும் எனக்குத் தெரு அமைதியாக இருப்பது போலவே பட்டது. அன்றைக்கு வாசற்படியில் மஞ்சள் துணியோடு உட்கார்ந்திருந்த அந்த முகம்தான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. மில்லைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசாரி சூடம் ஏற்றினார். வேண்டிக்கொள்ள வீட்டில் எத்தனையோ இருந்தது. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஆத்தா, மத்ததெல்லாம் உன் இஷ்டம். எங்கக்கா வாய மட்டும் கட்டிராத."